பிளாட்டினம் தந்த மருந்து

நுரையீரலைத் தாண்டிப் பரவிவிட்ட புற்றுநோயை அறுவையால் அகற்றிவிட இயலாது. குருதியோடு உடலெங்கும் செல்லும் மருந்து வேண்டும். அத்தகைய மருந்தான சிஸ்பிளாட்டின், புற்றுநோயைப் பற்றியே எண்ணாத ஓர் ஆய்வில் கிடைத்தது.

காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் வரையும் கோடுகளை மாணவர்கள் அறிவர். பிரியும் உயிரணுவிலும் அதே வடிவத்தைக் கண்டார் அமெரிக்க இயற்பியலாளர் பார்னெட் ரோசன்பர்க். மின்புலம் உயிரணுப் பிரிவைப் பாதிக்குமோ? பாக்டீரியாக்கள் வளரும் கரைசலில் பிளாட்டின மின்வாய்களை அமிழ்த்தி மின்னோட்டம் செலுத்தினார். அவை பிரியவில்லை, 300 மடங்கு வரை நீண்டு இழைகளாயின!

காரணம் மின்புலமன்று. எதனோடும் வினைபுரியாது என நம்பிய பிளாட்டினமே சிறிது கரைந்து சேர்மங்களாகியிருந்தது. 1965இல் இதை வெளியிட்டார். (எதிர்பார்த்தது பொய்த்த ஆய்வை மூடி வைக்காததே அவர் சிறப்பு.)

சிஸ்பிளாட்டினில் பிளாட்டினத்தின் ஒருபுறம் இரு குளோரின்கள், மறுபுறம் இரு அம்மோனியாக்கள். குருதியில் குளோரைடு மிகுதி. ஆகவே குளோரின்கள் எளிதில் கழலா. உயிரணுவினுள் அது குறைவு, அங்கே கழல்கின்றன. காலியான கைகளால் பிளாட்டினம் டி.என்.ஏ.வைப் பற்றி வளைத்துவிட, உயிரணு பிரிய வழியின்றி மடிகிறது.

1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு வேறொரு மருந்துடன் சேர்த்து நரம்பு வழியே ஏற்றப்படுகிறது. பெரும்பாலோர்க்கு இது முழுக் குணம் தருவதில்லை, வாழ்நாளை நீட்டுகிறது. கடும் வாந்தி உண்டாகலாம். செவியும் சிறுநீரகமும் கெடலாம். சிறுநீரகத்தைக் காக்கவே முன்னும் பின்னும் உப்புநீர் ஏற்றுகிறார்கள். மருந்தைக் கலப்பதும் உப்பு சேர்ந்த நீரில்தான். வெறும் நீரானால் குளோரின்கள் புட்டியிலேயே கழன்றுவிடும்.