கொங்கு நாட்டுக் கொறங்காடு: மரம், புல், கால்நடை இணைந்த நிலப் பயன்பாட்டு முறை

ஆய்வுச் சுருக்கம்

கரூர், திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் காணப்படும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், மரத்தையும் புல்லையும் கால்நடையையும் ஒரே நிலத்தில் இணைத்து வளர்க்கும் மரபுவழி வேளாண்காட்டு முறையாகும். இதன் கூறுகள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் விதத்தையும், காங்கேயம் மாட்டினத்தின் பாதுகாப்பை இந்நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கொறங்காடு, வேளாண்காடு, கொழுக்கட்டைப் புல், வெள்வேலம், கிளுவை, காங்கேயம் மாடு.

முன்னுரை

முல்லை நிலத்து மக்களின் தொழிலாக ஆநிரை மேய்த்தலைத் தமிழ் இலக்கண மரபு சுட்டுகிறது. மேய்ச்சலை வேளாண்மைக்குப் புறம்பானதாகக் கருதாமல், நிலத்திற்கேற்ற வாழ்முறையாகக் கண்ட பார்வை அது. இந்திய அரசு 2014ஆம் ஆண்டில் தேசிய வேளாண்காட்டுக் கொள்கையை வெளியிட்ட பின்னர், மரத்தையும் பயிரையும் கால்நடையையும் இணைக்கும் முறைகள் பரவலாகப் பேசப்படுகின்றன. எனினும் அவை புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டியவை என்னும் எண்ணமே மேலோங்கியுள்ளது. அவ்வெண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுவது கொறங்காடு.

நிலமும் பெயரும்

கொங்கு வழக்கில் ‘காடு’ என்னும் சொல் வனத்தை மட்டும் குறிப்பதன்று. மழையை நம்பிய புன்செய் நிலத்தையும் குறிக்கும். வாய்க்கால் பாயும் நிலம் வயல் எனவும், கிணற்றுப் பாசன நிலம் தோட்டம் எனவும், மானாவாரி நிலம் காடு எனவும் வழங்கப்பெறும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்த தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரங்களில் மழை குறைவு. கிடைப்பதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. பயிர் பொய்க்கும் வாய்ப்பு மிகுந்த இந்நிலத்தை உழவர்கள் மேய்ச்சலுக்கென ஒதுக்கிப் பேணினர்.

கொறங்காடு ஊர்ப்பொதுவான மேய்க்கால் புறம்போக்கு அன்று. தனியார் பட்டா நிலமாகும். உழாமல் கிடப்பதால் தரிசு போலத் தோன்றினும், திட்டமிட்டு உருவாக்கப்பட்டுப் பராமரிக்கப்படும் நிலமே அது. நிலமற்ற கால்நடை வளர்ப்போர் இதனை ஆண்டுக் குத்தகைக்குப் பெறும் வழக்கமும் உண்டு.

மூன்று அடுக்குகள்

கொறங்காட்டின் தரையடுக்கு கொழுக்கட்டைப் புல். தாவரவியலில் சென்க்ரஸ் சிலியாரிஸ் எனப்படும் இப்பல்லாண்டுப் புல், கோடையில் காய்ந்தாலும் வேர்த்தூர் அழியாமல் நின்று, மழை பெய்ததும் மீண்டும் துளிர்க்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை உழுது சோளம் அல்லது கொள்ளு விதைத்துப் புல்லைப் புதுப்பிப்பதும் உண்டு. அவ்வகையில் பயிரும் இம்முறையில் இடம்பெறுகிறது.

மேலடுக்கு வெள்வேலம். இம்மரத்தின் சிறிய இலைகள் அடர்நிழல் தருவதில்லை. எனவே மரத்தடியிலும் புல் வளர்கிறது. புல் காய்ந்து தீவனம் அருகும் கோடையில் இதன் காய்கள் முற்றி உதிர்கின்றன. ஆடுகள் அவற்றை விரும்பி உண்ணும். செரிக்காத விதைகள் சாணத்தோடும் புழுக்கையோடும் நிலமெங்கும் பரவுகின்றன. இவ்வாறு மரம் கால்நடைக்கு உணவாக, கால்நடை மரத்தின் பரவலுக்குத் துணையாகிறது.

மூன்றாவது கூறு எல்லையில் அமையும் முள்கிளுவை உயிர்வேலி. கிளைகளை வெட்டி நட்டாலே வேர்விடும் இச்செடி, வறட்சியில் இலையுதிர்த்தாலும் உயிரோடு நிற்கும். வேலி இருப்பதால் மேய்ப்பவர் உடன் செல்லாமலேயே மாடுகளை உள்ளே விட்டுப் படலை அடைத்துவிட இயலும். முதல் மழைக்குப்பின் புல் வேர்பிடித்து வளரும் வரை கால்நடைகளை வெளியே நிறுத்தவும், நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்க்கவும் வேலியே வழிசெய்கிறது. வேலி அழிந்தால் மேய்ச்சலின் கால ஒழுங்கும் அழியும். அளவின்றி மேயப்பட்ட புல் மீள்வது அரிது.

கொறங்காடும் தோட்டமும்

கொறங்காட்டில் மேய்ந்த காங்கேயம் காளைகள் தோட்டத்தில் ஏர் உழுதன, கவலை இறைத்துக் கிணற்று நீரைப் பயிருக்குத் தந்தன, வண்டி இழுத்தன. தோட்டத்தின் சோளத்தட்டு கோடையில் அவற்றுக்குத் தீவனமாயிற்று. செம்மறிகளை இரவில் வயலில் பட்டியடைத்ததால் பயிருக்கு எரு கிடைத்தது. எனவே கொறங்காடு தனித்தியங்கிய மேய்ச்சல் நிலமன்று. தோட்டத்திற்கு இழுவை ஆற்றலையும் உரத்தையும் வழங்கிய நிலமாகும். கண்ணபுரம், அந்தியூர் கால்நடைச் சந்தைகள் இப்பொருளாதாரத்தின் வணிக முகமாக விளங்கின.

சிதைவுக்கான காரணங்கள்

மின்மோட்டார் கவலையையும், டிராக்டர் ஏரையும் விலக்கியபோது காளையின் பயன் சுருங்கியது. பாலுக்காகக் கலப்பினப் பசுக்கள் பரவின. அவை கொட்டகையில் கட்டித் தீவனமிட்டு வளர்க்கப்படுவதால் கொறங்காட்டின் தேவை குறைந்தது. வருவாய் குறைந்த நிலம் வீட்டுமனையாகவும் பிற பயன்பாடுகளுக்கும் மாறுவது எளிதாயிற்று. கவனிப்பாரற்ற இடங்களில் சீமைக் கருவேலம் அடர்ந்து புல்லை ஒடுக்குகிறது.

2017ஆம் ஆண்டின் சல்லிக்கட்டுப் போராட்டத்திற்குப் பின் நாட்டு மாட்டினங்களின் பாதுகாப்பு பொதுவிவாதமாயிற்று. ஆனால் அவ்விவாதம் பெரும்பாலும் காளையைச் சுற்றியே அமைந்தது; அதன் மேய்ச்சல் நிலம் உரிய கவனம் பெறவில்லை. உறைவிந்து சேமிப்பும் அரசுப் பண்ணைகளும் ஓர் இனத்தின் மரபணுவைக் காக்கலாம். வறண்ட நிலத்தில் குறைந்த செலவில் அவ்வினத்தை வளர்க்கும் உழவரின் வாழ்வாதாரத்தை அவற்றால் மட்டும் காக்க இயலாது.

முடிவுரை

கொறங்காட்டின் ஒரு கூறு நீங்கினால் ஏனையவும் தளர்கின்றன. மாடு பயனிழந்ததால் நிலம் கைவிடப்பட்டது. நிலம் கைமாறுவதால் எஞ்சிய மாடுகளை வளர்ப்பதும் கடினமாகிறது. ஆகவே இனப் பாதுகாப்பு, மர வளர்ப்பு, மேய்ச்சல் நிலம் ஆகியவற்றைத் தனித்தனித் திட்டங்களாக அணுகுவது இம்முறைக்குப் பொருந்தாது. மரம் நடுதலை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், அடர்ந்த மரத்தோப்பு உருவாகிப் புல் அழிவதும் வெற்றியாகவே கணக்கிடப்படும். கொறங்காட்டைத் தரிசாகக் கருதாமல் தனித்த நிலப் பயன்பாடாக ஏற்று, அதனைப் பேணும் பட்டாதாரருக்கும் குத்தகைதாரருக்கும் ஊக்கமளிப்பதே இவ்வமைப்பைக் காப்பதற்கான முதற்படியாகும். படல், பட்டி, கவலை முதலிய வழக்குச் சொற்களோடு இம்மேலாண்மை அறிவைத் தொகுப்பது தமிழாய்வு மேற்கொள்ளத்தக்க உடனடிப் பணியாகும்.