பிள்ளைக்கு ஏர் ரைஃபிள் வாங்கப் போறீங்களா... ஒரு நிமிஷம், இதைப் படிங்க!

தாம்பரத்திலிருந்து பீச் ரயில் ஏறினால், கொஞ்ச நேரத்தில் பரங்கிமலை வந்துவிடும். 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயர் படையும் மோதிக்கொண்ட இடம். ஆங்கிலேயர் பக்கம் நின்று சண்டை போட்டவர்களில் நம்ம மருதநாயகமும் ஒருவர். இன்றும் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமி அங்கேதான் இருக்கிறது.

ஆனால், இந்தப் பக்கத்துப் பெற்றோர்கள் இப்போது கேட்கும் கேள்வி வேறு. ``சார், பையன் ஷூட்டிங் கத்துக்கணும்னு அடம்பிடிக்கிறான். ஏர் ரைஃபிள் வாங்கித் தரலாமா? லைசென்ஸ் வேணுமா?''

லைசென்ஸ் வேணுமா?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ (.177), குண்டின் ஆற்றல் 20 ஜூல். இந்த இரண்டு வரம்பையும் தாண்டாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. 10 மீட்டர் போட்டி ரைஃபிள்கள் இந்த வரம்புக்குள் வந்துவிடும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். `பவர் ஜாஸ்தி' என்று .22 ஏர் கன்னை யாராவது தள்ளிவிடப் பார்த்தால், உஷார். அதற்கு லைசென்ஸ் கட்டாயம்.

எதை வாங்குவது?

முதல் நாளே எதையும் வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியில் சில மாதங்கள் பழகட்டும். ரைஃபிளா, பிஸ்டலா என்பது அதற்குள் தெரிந்துவிடும். ரைஃபிளுக்கு விறைப்பான ஜாக்கெட், பேன்ட், ஷூ என்று செலவு நீளும். ஒற்றைக் கையில் பிடித்துச் சுடும் பிஸ்டலுக்கு ஜாக்கெட் தேவையில்லை.

குழலை மடக்கிச் சுடும் ஸ்பிரிங் ஏர் கன் விலை குறைவு. ஆனால், சுடும்போது உதறும். காற்று அடைத்த சிலிண்டரில் இயங்கும் பி.சி.பி ரகம் அதிகம் உதறாது. போட்டிகளில் இதுதான் புழக்கம். வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் விலை லட்சங்களில் போகும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் சிலிண்டரின் தேதியைப் பாருங்கள். பெரும்பாலான போட்டி ரைஃபிள்களின் சிலிண்டருக்கு 10 ஆண்டுகள்தான் ஆயுள்.

அப்படி என்ன கஷ்டம்?

10 மீட்டர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவுதான்! 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். தோள்பலத்தைவிட மூச்சும் பொறுமையும்தான் முக்கியம். 2008-ல் அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் களமிறங்கியதும் இதே பிரிவில்தான்.

மொட்டைமாடியில் சுடலாமா?

வேண்டவே வேண்டாம். `காத்துத் துப்பாக்கிதானே' என்ற அலட்சியம்தான் ஆபத்து. ஈயக்குண்டு சுவரில் பட்டுத் தெறித்தால்கூட கண் போய்விடும். இலக்கைத் தவறவிட்டால் அது பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவர் மீது பாயலாம். பள்ளிக்கரணை, நன்மங்கலம் பக்கம் பறவைகளைக் குறிவைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தெருநாயைச் சுடுவதும் குற்றமே.

வீட்டில் இந்த நான்கையும் பழக்குங்கள்...

* துப்பாக்கியில் எப்போதும் குண்டு இருப்பதாகவே நினைக்க வேண்டும். `காலி'தான் என்று தெரிந்தாலும் யார் பக்கமும் நீட்டக் கூடாது.
* சுடும் நொடி வரை விரல் டிரிகருக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.
* துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டுகள் வேறொரு பூட்டில். இரண்டு சாவியும் பெரியவர்களிடம்.
* குண்டுகள் ஈயம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன் ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்து பாருங்கள். கோச் `நிறுத்து' என்றதும் எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைக்கிறார்களா? வைத்தால், தைரியமாகச் சேர்க்கலாம். வைக்காவிட்டால், கோப்பைகள் எத்தனை அடுக்கியிருந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.