டி டிரைவில் வைத்தால் பத்திரமா?

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11ஐ முறைப்படி இன்ஸ்டால் செய்ய முடியாது. எனவே பலர் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டுக்கு மாறுகின்றனர். நல்ல முடிவுதான், ஆனால் அவசரம் வேண்டாம்.

போட்டோக்களை டி டிரைவிற்கு மாற்றிவிட்டால் பயமில்லை என்று சிலர் நினைக்கின்றனர். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பகுதிகள்தான். இன்ஸ்டால் செய்கையில் 'இரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இரண்டுமே அழிந்துவிடும். ஆகவே பைல்களை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். அதை வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, நாலைந்து படங்களைத் திறந்தும் பாருங்கள். இன்ஸ்டால் முடியும் வரை அது கழற்றியே இருக்கட்டும்.

பாமினியில் டைப் செய்த பழைய கடிதங்கள் உள்ளனவா? அந்த எழுத்துரு பைலையும் காப்பி எடுத்திடுங்கள். அது இல்லாவிட்டால் கடிதம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

அடுத்து, மின்ட்டை ஒரு காலி பென் டிரைவில் பதிந்து அதிலிருந்தே பூட் செய்திடலாம். இன்ஸ்டால் கொடுக்காத வரை ஹார்ட் டிஸ்க்கில் உள்ளவை அப்படியே இருக்கும். வை-பை, சவுண்ட், பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று இரண்டு நாள் சோதியுங்கள். சில பிரிண்டர்கள் தகராறு செய்யலாம்.