மட்கலமும் கையொப்பமும்

மட்கலம் ஒன்றில் ஒரு பெயர் காணப்படின், அப்பெயருக்குரியாரே அதனை வனைந்தவர் என்று கொள்ளும் எண்ணம் எளிதில் எழும். அவ்வெண்ணம் எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதைப் பாலை போன்ற வறள்நிலத்துச் சிறு பட்டறை ஒன்றின் தொழில்முறை கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வட அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரியோ கிராண்டே ஆற்றை அடுத்த மழை குறைந்த மேட்டு நிலத்தில், சான் இல்டெபோன்சோ என்னும் புவெப்லோ மக்களின் சிற்றூர் உள்ளது. அங்கு மரியா மார்த்தினேசும் அவர் கணவர் ஜூலியனும் தம் இல்லத்தையே பட்டறையாகக் கொண்டனர். 1908ஆம் ஆண்டையொட்டி, அகழாய்வில் கிடைத்த பழைய ஓடுகளைப் போன்ற கலங்களை வனைந்து தருமாறு தொல்லியலார் எட்கர் ஹியூவெட் மரியாவை வேண்டினார்.

இவர்கள் திகிரியைப் பயன்படுத்தவில்லை. களிமண்ணொடு எரிமலைச் சாம்பலைப் பிசைந்து, திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கலத்தை எழுப்பினர். சுரைக்குடுக்கைத் துண்டால் சுவரை இழைத்தனர். உலர்ந்த கலத்திற்கு மண்குழம்பு பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினர். மெருகின்மேல் ஜூலியன் யூக்கா இலைத் தூரிகையால் மண்குழம்பு கொண்டு வரைந்தார். வரைந்த இடம் மங்கியும் ஏனைய இடம் ஒளிர்ந்தும் தோன்றும்.

சுடுதல் திறந்த வெளியில் நிகழ்ந்தது. விறகும் வறட்டியும் எரிந்து தீ முதிர்ந்த நிலையில், பொடித்த குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடினர். காற்றுத் தடைப்பட்டமையால் கரி படிந்து கலம் கருமையுற்றது. காற்றோட்டத்தில் சுட்டிருப்பின் அதே கலம் சிவந்திருக்கும். ஆகவே நிறவேறுபாடு ஒன்றே கொண்டு மண்ணும் வேறெனத் துணிதல் பொருந்தாது.

இனிக் கையொப்பத்திற்கு வருவோம். வனைதல் பெண்டிர் தொழிலெனக் கருதப்பட்டமையால், 1920களின் தொடக்கத்தில் கலத்தடியில் மரியாவின் பெயர் மட்டும் இடம்பெற்றது. வரைந்தவர் பெயர் இல்லை. பின்னரே ஜூலியன் பெயரும் சேர்ந்தது. 1943இல் அவர் மறைந்தபின் மருமகள் சந்தானாவின் பெயரும், 1950களின் இடையில் மகன் பொபோவி டாவின் பெயரும் மரியாவின் பெயரோடு இணைந்தன. ஒப்பமிட்ட கலம் மிகுவிலை பெற்றமையின், ஊர்ப்பெண்டிர் வனைந்த கலங்களிலும் மரியா தம் பெயரை எழுதிக் கொடுத்தார் என்பர். பெயரின் பயனை ஊரார் பகிர்ந்துகொண்டனர். வாங்குவோரோ அதனை ஒருவர் கைத்திறனாகவே கொண்டனர்.

இச்செய்தி நமக்கும் பயன்படும். கொடுமணல், கீழடி முதலிய இடங்களில் தமிழிப் பெயர் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. அப்பெயர்கள் உடையவரைக் குறிப்பன என்பதே பெரும்பான்மைக் கருத்து. சுட்டபின் கீறிய எழுத்திற்கு அது பொருந்தும். ஈரமண்ணில் எழுதிய பெயரை வனைந்தவர் பெயரெனக் கொள்ளத் தோன்றும். ஆயின் சான் இல்டெபோன்சோவில் பட்டறையிலேயே, சுடுவதற்கு முன் இட்ட பெயரும் வனைந்தவரை உறுதியாகக் காட்டவில்லை. ஆதலின் எழுதிய காலம், கைவேறுபாடு, கலத்தின் வனைவு ஆகிய மூன்றையும் ஒருங்கு நோக்கியபின்னரே பெயருக்குப் பொருள் கூறுதல் தகும்.