மொட்டை மாடியில் இருக்கிறது மின் கட்டணம்



கோடை வந்தால் மின் கட்டணம் கட்ட உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் கூடிவிடுகின்றன. ஒரே வீட்டுக்கு மூன்று கோடை பணம் கட்டிய பிறகுதான் அந்த வீட்டு மாடியை ஏறிப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இஷாவுக்குப் பிறகும் வீட்டுக்குள் இறக்குகிறது. ஃபேன் போட்டாலும் அனல்தான். கைக்குழந்தையும் வயதானவர்களும் தூங்க முடிவதில்லை. தளத்தைக் கழுவி வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தால் வெயிலில் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். மழையில் கரையும் என்பது உண்மைதான்; ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்க வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

லுஹர் தொழுததும் மேற்கு ஜன்னலை மூடி, மஃரிபுக்குப் பின் திறங்கள்.

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். விலை கூடுதல் என்பதால், அதிகம் ஓடும் ஃபேன் ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

சுண்ணாம்புச் செலவுக்கு உதவி தேவைப்படுவோர் ஜுமுஆவுக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.