நோட்டு செல்லாமல் போச்சு... ரங்கூன் நினைப்பு போகலை!

சென்னை கடற்கரை ரெயில் நிலையத்துக்கு ஓடுகிற அவசரத்திலும் ஒரு தட்டு 'அத்தோ' சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நூடுல்ஸ், முட்டைகோஸ், புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். இது பர்மா சாப்பாடு என்று தெரியும். செகண்ட் லைன் பீச்சுக்கு எப்படி வந்தது?

பர்மாக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். 1964-ல் 10 வயதுப் பையனாகக் கப்பலில் வந்து இறங்கியவர் இன்று 70-ஐத் தாண்டிவிட்டார். "நாங்க ரங்கூன்ல இருந்தப்போ..." என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். 1989-ல் ஊர்ப்பெயர் யாங்கூன் என்று மாறிவிட்டது. இவர்களுக்கு இன்னும் ரங்கூன்தான்!

பாதி ஊர் நம்மவர்கள்

1931 சென்சஸ்படி ரங்கூனில் சுமார் 4 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அரிசி மில் கூலி, கடைக்காரர், லேவாதேவி செய்த செட்டியார் என்று தமிழர் இல்லாத தொழில் இல்லை. 1871-ல் தமிழர்கள் கட்டிய காளி கோவில் இன்றும் அங்கே இருக்கிறது.

நமக்குச் சித்திரை பிறக்கும் சமயத்தில் அங்கே தண்ணீர்த் திருவிழா. தெருவில் போகிறவர் மேலெல்லாம் வாளி வாளியாக ஊற்றுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது! பர்மியப் பெண்கள் நாம் சந்தனம் பூசுகிற மாதிரி கன்னத்தில் 'தனாக்கா' பூசுவார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கானவர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அப்படியும் சண்டை முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். பிழைப்பும் வீடும் அங்கேதானே இருந்தது!

காலையில் முதலாளி, மாலையில் வெறுங்கை

1962 மார்ச் 2-ந் தேதி ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. மே 17-ந் தேதி அடுத்த இடி. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று உத்தரவு! பெட்டியில் பூட்டி வைத்த பணம் வெறும் காகிதமாச்சு. ஊருக்குக் கிளம்பியவர்கள் நகை நட்டு எடுத்து வரவும் கடும் கட்டுப்பாடு.

1963 முதல் இப்படித் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர் என்கிறது அரசுக் கணக்கு. வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியேறினார்கள். 1969-ல் கடற்கரைச் சாலையோரம் பெட்டிக்கடைகள் கிடைத்தன. அதுதான் பர்மா பஜார்.

சிலருக்கு இங்கே மனசு ஒட்டவில்லை. பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழர் கட்டிய கோவிலும் உண்டு.

சொத்தைப் பிடுங்கிய ஊரை இத்தனை ஆசையாகப் பேசுகிறார்களே என்று கேட்கலாம். பிடுங்கியது ராணுவம். பிறந்து, பள்ளிக்கூடம் போய், தெருவில் விளையாடிய ஊர் அது. உத்தரவு போட்டு நோட்டைச் செல்லாமல் ஆக்கலாம். நினைப்பை என்ன செய்ய முடியும்?

வீட்டில் பர்மாத் தாத்தா, பாட்டி இருந்தால் இப்போதே உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். இன்னும் கொஞ்ச வருஷம் போனால் சொல்ல ஆள் இருக்காது.