மருந்து எட்டாத துளை

பிரிட்டிஷ் கொலம்பியாவின் பைனஸ் காடுகளைப் பட்டை வண்டு தின்று தீர்த்தது. 1990களிலிருந்து பாதிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் ஹெக்டேயர். நமது இலங்கை மலைநாட்டில் நட்ட பைனஸுக்கு அப்படியொரு கதி நேரவில்லை. மத்திய அமெரிக்காப் பக்கத்திலிருந்து மரம் வந்தது, அதன் வண்டு கூடவே வரவில்லை. இங்கே பைனஸுக்கு எமன் நெருப்புத்தான். ஆனால் அந்த வண்டுக் குடும்பத்தின் இன்னொரு கிளை நமது தேயிலைக்குள் நூறு வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கிறது. தோட்டங்களில் அதை ஷொட் ஹோல் போரர் என்பார்கள். வெள்ளவத்தையில் தேநீர் குடிப்பவருக்கு அந்தப் பெயர் தெரிய நியாயமில்லை; 1883இலிருந்து கொழும்பில் நடக்கும் தேயிலை ஏலத்தில் வண்டுக்கென்று தனிக் கணக்கு எழுதுவதில்லை. இந்த வண்டை மருந்தால் ஒழிக்கப் புறப்பட்ட அனுபவம் கற்றுத்தந்த பாடத்தை நாம் சரியாகப் படிக்கவில்லை என்பதே என் வாதம்.

பெண் வண்டு இரண்டு, இரண்டரை மில்லிமீற்றர்தான் இருக்கும். குண்டூசியால் குத்தியதுபோல் கொப்பில் ஒரு துளை போட்டு உள்ளே போகிறது. மரத்தை அது தின்பதில்லை. வாயருகே உள்ள சிறு பையில் ஒரு பூஞ்சணத்தின் வித்துகளைச் சுமந்துவந்து சுரங்கத்தின் சுவரில் விதைக்கிறது. தாயும் குஞ்சும் உண்பது அந்தப் பூஞ்சணத்தைத்தான். ஆண்களுக்குப் பறக்க முடியாது. அவை சொற்பம், பெரும்பாலும் பிறந்த சுரங்கத்திலேயே சகோதரிகளோடு கூடி அங்கேயே முடிந்துபோகும். ஆகவே ஒரேயொரு பெண் தப்பிப் பறந்தாலும் புதிய குடும்பம் தொடங்கிவிடும். தேயிலைச் செடி இதனால் உடனே சாவதில்லை. கவ்வாத்து முடிந்து கொப்புகள் வளர்ந்துவரும் வருடங்களில், கொழுந்து பறிக்கும் பெண் நிரைக்குள் நுழையும்போது சுரங்கம் ஓடிய இடத்தில் கொப்பு சடக்கென்று முறியும். முறிந்த இடத்தால் உக்கல் இறங்கும். விளைச்சல் இப்படித்தான் மெல்ல மெல்லக் குறைகிறது.

லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை நட்டது 1867இல். இந்த வண்டு தேயிலையின் பீடையாக இலங்கையில் பதிவானது 1892இல். இடையில் வெறும் 25 வருடம். கோப்பி நோயால் அழிந்த மலைகளில் ஒரே பயிரை விரித்ததும், ஆமணக்கு போன்ற பல செடிகளில் வாழக்கூடிய ஒரு பூச்சிக்கு எல்லை தெரியாத உணவு கிடைத்துவிட்டது. பிற்பாடு துண்டு நட்டு வளர்த்த ஒரே இனத் தேயிலை மலை மலையாகப் பரவியது. விதைத் தேயிலையிலும் வண்டு இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. பயிரின் ஒருமைப்பாடு பூச்சியை உண்டாக்குகிறது என்று நான் சொல்லவில்லை. பூச்சிக்குத் தடைபோட வேறு எதுவும் மிஞ்சாத நிலையை அது உண்டாக்குகிறது.

டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்தைத் தெளித்த காலம் இதற்குச் சாட்சி. தேயிலையில் இலைகளைப் பின்னிச் சுருட்டும் டோர்ட்ரிக்ஸ் என்ற புழு முன்பு பெருந்தொல்லையாக இருந்தது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், புழு அடங்கியது. பிறகு துளைப்பான் வண்டுக்காக டீல்ட்ரின் வந்தது. வண்டின் வாழ்வில் பெரும்பங்கு மரத்துக்குள்ளே கழிகிறது, தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. வெளியே திரியும் குளவிக்கு எட்டியது. டோர்ட்ரிக்ஸ் மீண்டும் தலைதூக்கியது. தேயிலையின் இன்னொரு பீடையான கொப்புப் புழுவின் பெருக்கத்துக்கும் டீல்ட்ரினே காரணம் என்று தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் 1969இல் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு பூச்சிக்கு வாங்கிய மருந்து மேலும் இரண்டு பூச்சிகளை வளர்த்துக் கொடுத்தது. இதைச் சொன்னது இயற்கை விவசாயப் பிரசாரகர் எவருமல்ல, துறைக்குள்ளேயே இருந்த ஆராய்ச்சியாளர்கள்.

2021இல் இரசாயனங்களை ஒரே உத்தரவில் தடைசெய்து பட்ட பாடு போதாதா என்பது எதிர்பார்க்கக்கூடிய கேள்வி. போதும். மே மாதம் போட்ட தடையை நவம்பரில் விலக்க வேண்டி வந்தது. ஆனால் அந்தத் தடை, மருந்துக்குப் பதில் என்ன செய்வது என்று எவருக்கும் சொல்லித்தராமல் வந்தது. என் பேச்சு வேறு: உள்ளே எட்டாத மருந்தை வெளியே கொட்டுவதைப் பற்றியது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து வருகிறது. கண்ணால் பிரித்தறிய முடியாத அளவுக்கு இதே சாயலுள்ள நெருங்கிய உறவு வண்டு அங்கே 2003இல் அகப்பட்டது. 2012இல் ஆனைக்கொய்யாவில் அதன் சேதம் தெரியவந்தது. 2017இல் தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிற்ஸ்பேர்க்கில் கண்டறியப்பட்டது. அங்கெல்லாம் தாக்கப்பட்டவை பலவகைத் தெருமரங்கள். பன்மையிருந்தும் காப்பாற்றவில்லையே என்றால், உண்மைதான். அந்த மரங்கள் இந்தப் பூஞ்சணத்தை முன்பு சந்தித்ததே இல்லை, சில முற்றாகவே செத்தன. வந்த இடத்தின் பழக்கமின்மை ஒரு காரணம், நட்ட முறை இன்னொரு காரணம். ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது. நமக்கு முதலாவது கையில் இல்லை, இரண்டாவது இருக்கிறது.

இரண்டாவதைச் செய்ய ஆள் வேண்டும். கவ்வாத்துக்கு ஏற்ற காலம் பார்ப்பது, வண்டு தாக்கிய கொப்புகளை அகற்றுவது, நிழல்மரம் வளர்ப்பது, தாக்கத்தைத் தாங்கும் இனங்களைக் கலந்து நடுவது எல்லாம் கூலியோடு கூடிய வேலை. தோட்டங்களில் ஆளும் குறைவு, நாட்கூலியும் வருடக்கணக்கான போராட்டம். முதுகில் மருந்துத் தாங்கியைக் கட்டி ஒரு ஆளை அனுப்புவது மலிவாகத் தெரிவது இதனால்தான். டீல்ட்ரினுக்குக் கொடுத்த காசோடு, அது கிளப்பிவிட்ட டோர்ட்ரிக்ஸை அடக்கக் கொடுத்த காசையும் சேர்த்து எழுதியிருந்தால் அன்றைக்கே அது மலிவாகத் தெரிந்திருக்காது.